மேனேஜர் சொல்லாமலே டீம் ஓடுமா? தன்னைத் தானே நிர்வகிக்கும் குழுக்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

சென்னையில் பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரைக்கும் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) எந்த ஐடி கம்பெனியில் கேட்டாலும் "எங்க டீம் செல்ஃப் மேனேஜ்டு டீம்" என்று சொல்ல ஒருவர் இருப்பார். இன்னும் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் மற்றதெல்லாம் வெளியே வரும். யாருக்கு எந்த வேலை என்று லீட்தான் எக்ஸெல்லில் போட்டுக் கொடுக்கிறார், அரை நாள் லீவுக்கும் மேனேஜருக்கு மெயில் போக வேண்டும், கிளையன்ட் என்ன சொன்னார் என்பதே மூன்றாவது ஆள் வழியாகத்தான் தெரிய வருகிறது. இன்னொரு வகையும் உண்டு. மேனேஜர் ஒரு நாள் கூப்பிட்டு, "இனிமே நீங்களே பாத்துக்கோங்க, நான் தலையிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மூன்று மாதத்தில் தலைக்குத் தலை நாட்டாமை ஆகி, இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்தி, ஒருத்தர் மட்டும் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருப்பார். அப்புறம் மேனேஜர் திரும்பி வந்து, "நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது" என்பார்.

இந்தக் கடைசி வாக்கியத்தோடு எனக்குப் பெரிய சண்டை உண்டு. ஆட்கள் மீது பழி போடுவதற்கு முன்னால், அந்த டீமை எப்படி அமைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். எழுபது ஆண்டுக்கு மேலாக இதைப் பற்றி நடந்த ஆராய்ச்சிகளில் நான் படித்த வரைக்கும் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: தன்னைத் தானே நிர்வகிக்கும் குழு நன்றாக வேலை செய்வதும் செய்யாததும் பெரும்பாலும் அது வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, அதை அமைக்கிற விதத்தில் முடிவாகிவிடுகிறது.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடலாம்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் ஹேக்மன், விமானக் குழுக்கள், இசைக்குழுக்கள் என்று பலவிதமான குழுக்களைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து கவனித்தவர். அவர் ஒரு நல்ல கேள்வியை வைத்தார். எந்த வேலையிலும் நான்கு பொறுப்புகள் இருக்கின்றன: வேலையைச் செய்வது ஒன்று, அது சரியாகப் போகிறதா என்று பார்த்து அவ்வப்போது மாற்றிக்கொள்வது இரண்டு, குழுவில் யார் யார், என்ன வசதி, என்ன கருவி என்று அமைப்பது மூன்று, இந்த வேலை எதற்காக, எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்வது நான்கு. இந்த நான்கில் எத்தனை குழுவின் கையில் இருக்கிறது? முதலாவது மட்டும் இருந்தால் அது மேனேஜர் நடத்துகிற வழக்கமான டீம். முதல் இரண்டும் இருந்தால் தன்னைத் தானே நிர்வகிக்கும் டீம். மூன்றும் இருந்தால் தன்னைத் தானே அமைத்துக்கொள்ளும் டீம். நான்கும் கையில் இருப்பது கூட்டுறவுச் சங்கம் மாதிரி, சொந்தமாக ஆரம்பித்த சின்ன கம்பெனி மாதிரி சில இடங்களில் மட்டும்தான்.

இதில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று இருக்கிறது. தன்னைத் தானே நிர்வகிக்கும் டீமுக்கு நான்காவது பொறுப்பு கிடையாது. எங்கே போக வேண்டும் என்று மேலே இருக்கிறவர் சொல்ல வேண்டும், தெளிவாகச் சொல்ல வேண்டும், அதில் பேரம் கிடையாது. எப்படிப் போவது என்பதில் மட்டும் அவர் வாயைத் திறக்கக் கூடாது. நம் அலுவலகங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. இந்த டிக்கெட்டை, அதாவது பதிவான புகாரை, முதலில் எடு, அந்த மெயிலில் இந்த வரியை மாற்று என்று எப்படிச் செய்வது என்பதில் ஆயிரம் கட்டளை வரும். இந்த ஆண்டு இந்த டீமிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்று கேட்டால் "கஸ்டமர் சந்தோஷமா இருக்கணும்" என்பதற்கு மேல் பதில் வராது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பெருங்குடியில் ஏழு பேர், அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் சப்போர்ட். "இரவில் வரும் அவசரப் புகார் எதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் பதில் இல்லாமல் கிடக்கக் கூடாது, ஒரே புகார் மூன்றாவது முறை வந்தால் அதன் மூல காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்." இது மேனேஜர் சொல்ல வேண்டிய விஷயம். யார் எந்த ஷிஃப்ட், எந்தப் புகார் யாருக்கு, எப்போது வேலை முறையை மாற்றுவது, புதிதாக வந்தவருக்கு யார் கற்றுக்கொடுப்பது என்பதெல்லாம் ஏழு பேரின் பாடு.

இதில் ஷிஃப்ட் ரோஸ்டர் என்கிற ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீபாவளி வாரம் வருகிறது. மேனேஜர் போட்டால், போன வருடம் யார் வந்தார்கள் என்று பார்த்து, இந்த வருடம் மற்றவர் என்று சுழற்சியில் போடுவார். நியாயம்தான். ஆனால் ஒருத்தருக்கு இந்த வருடம் தலை தீபாவளி, மாமனார் வீடு காரைக்குடி. இன்னொருத்தருக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம், எப்படியும் ஊருக்குப் போகப் போவதில்லை, வீட்டிலிருந்து பகல் ஷிஃப்ட் என்றால் அவருக்கு வசதி. நாகர்கோவில்காரருக்கு தீபாவளியில் அக்கறை இல்லை, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் சேர்த்து வேண்டும். இதெல்லாம் எக்ஸெல்லில் இருக்காது, கேன்டீனில் டீ குடிக்கிறபோது தெரியும். ஏழு பேரும் உட்கார்ந்து போட்டால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், அதைவிட முக்கியம், தீபாவளி இரவு யாராவது சரியாகக் கவனிக்காமல் விட்டால் "என்னைக் கேக்காம போட்ட ஷிஃப்ட்" என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது. தானே முடிவு செய்ததற்குத் தானே பொறுப்பாக இருப்பது மனித இயல்பு. இந்த முறை இவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பதற்கு அடிப்படையே இதுதான்.

கரிச்சுரங்கமும் காலிகோ மில்லும்

இது ஏதோ ஐடி கம்பெனிகள் கண்டுபிடித்த புதுச்சரக்கு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 2001இல் அமெரிக்காவில் மென்பொருள் நிபுணர்கள் 17 பேர் கூடி, மென்பொருளைச் சின்னச் சின்னக் கட்டமாகச் செய்து அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் முறைக்காக அஜைல் அறிக்கை எழுதினார்கள், தாங்களே ஒழுங்கமைத்துக்கொள்ளும் குழுக்களிடமிருந்துதான் சிறந்த வடிவமைப்புகள் வரும் என்று அதன் கொள்கைகளில் ஒன்று சொல்கிறது. நம் பக்கம் இந்தப் பேச்சு பரவியது அந்த வழியில். ஆனால் கதை அதற்கு அரை நூற்றாண்டு முன்னால் இங்கிலாந்தின் கரிச்சுரங்கங்களில் தொடங்குகிறது.

அங்கே ஆதியில் சின்னச் சின்னக் கூட்டமாகத்தான் கரி வெட்டினார்கள். வெட்டுவது, அள்ளுவது, கூரைக்கு முட்டுக் கொடுப்பது எல்லாம் அதே ஆட்கள், கூட்டாளியை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள், கூலியைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அப்புறம் இயந்திரம் வந்தது. நாற்பது ஐம்பது பேரை மூன்று ஷிஃப்டாகப் பிரித்து, ஒரு ஷிஃப்ட் வெட்டும், ஒரு ஷிஃப்ட் அள்ளும் என்று ஆளுக்கு ஒரே வேலை கொடுத்தார்கள். இயந்திரம் வந்ததால் ஏற வேண்டிய உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை, வேலைக்கு வராமல் நிற்பது அதிகமானது, ஒரு ஷிஃப்ட் செய்த குளறுபடிக்கு அடுத்த ஷிஃப்ட் திட்டுவது வழக்கமானது. மனித உறவுகளை ஆராயும் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கே அஸ்திவாரம். பாம்ஃபோர்த் முன்னாள் சுரங்கத் தொழிலாளி, அதனால்தான் மேலே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் அவர் கண்ணில் பட்டது. சில சுரங்கங்களில் அதே இயந்திரத்தை வைத்துக்கொண்டே தொழிலாளர்கள் வேலையைத் தங்களுக்குள் மாற்றி மாற்றிப் பகிர்ந்து, கூலியையும் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டு, நன்றாக வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த முக்கியமான சோதனை நம் நாட்டிலேயே நடந்தது. இது நம்மவர்களுக்கு அதிகம் தெரியாதது எனக்கு வருத்தம். 1953இல் அதே டாவிஸ்டாக்கின் ஏ.கே. ரைஸ் அகமதாபாத்தின் காலிகோ மில்லுக்கு வந்தார். அங்கே தானியங்கித் தறிகளை நிறுவியிருந்தார்கள், எதிர்பார்த்த பலன் இல்லை. நெய்பவர் ஒருத்தர், நூல் கண்டு மாற்றுபவர் ஒருத்தர், இழை அறுந்தால் முடிபவர் ஒருத்தர், எண்ணெய் விடுபவர், பெருக்குபவர் என்று ஷெட் முழுக்கத் தனித்தனி ஆட்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். எந்தத் தறிக்கும் முழுப் பொறுப்பாளி என்று ஒருவர் கிடையாது. ரைஸ் கொடுத்தது ஒரு யோசனைதான்: இத்தனை தறிக்கு இந்தக் குழு, அந்தத் தறிகளின் எல்லா வேலையும் அந்தக் குழுவின் பொறுப்பு. தொழிலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு யார் யாரோடு சேர்வது என்று தாங்களே குழு அமைத்துக்கொண்டார்கள். நடுவில் தடுமாற்றம் இருந்தது, ஆனால் நிலைமை சீரானபோது உற்பத்தி ஏறியது, சேதாரத் துணி குறைந்தது. படித்த மேல்தட்டுக்குத்தான் சுயநிர்வாகம் சரிப்படும் என்பவர்களுக்கு இந்த ஒரு சோதனையே போதும்.

இதன் பின்கதை இன்னும் முக்கியம். 1970இல் டாவிஸ்டாக்கைச் சேர்ந்த எரிக் மில்லர் அதே மில்லுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தார். ஒரு ஷெட்டில் குழுமுறை அப்படியே உயிரோடு இருந்தது. மற்ற இடங்களில் கரைந்து, பெரும்பாலும் பழைய வழிக்கே வந்துவிட்டது. அதே மில், அதே மாதிரி ஆட்கள். வெளியிலிருந்து நெருக்கடி வருகிறபோது குழுவுக்குரிய எல்லையை யார் காப்பாற்றிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருமுறை ஏற்பாடு செய்துவிட்டு மறந்துவிட முடியாது.

சரி, எது இருந்தால் நன்றாக ஓடும்?

ரூத் வேஜ்மன் என்கிற ஆராய்ச்சியாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகல் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற 43 டீம்களை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். டீம் நன்றாகச் செயல்படுவதற்கு எது முக்கியம், தலைவர் தினமும் கூட இருந்து சொல்லிக்கொடுப்பதா, அல்லது டீமை ஆரம்பத்தில் ஒழுங்காக அமைத்திருப்பதா? 2001இல் வந்த முடிவு, அமைப்புதான், அதுவும் பெரிய வித்தியாசத்தில். நன்றாக அமைந்த டீமுக்கு நல்ல வழிகாட்டுதல் கூடுதல் பலன் தந்தது. மோசமாக அமைந்த டீமுக்கு எவ்வளவு நல்ல வழிகாட்டுதலும் பெரிதாக உதவவில்லை. ஓஎம்ஆரில் வார இறுதி ரிசார்ட்டில் கயிறு இழுக்கவைத்து டீம் ஸ்பிரிட் வளர்க்கிறவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

நல்ல அமைப்பு என்றால் என்ன? திசை பற்றி மேலே சொல்லியாயிற்று. டீம் சின்னதாக இருக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், பத்துப் பேரைத் தாண்டினால் பேச்சுக்கே நேரம் போய்விடும். நெதர்லாந்தில் 2006இல் யோஸ் டி பிளோக் தொடங்கிய பியூர்ட்சோர்க் என்கிற வீட்டு நர்ஸிங் அமைப்பில் ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 12 நர்ஸுகள், அதற்கு மேல் போனால் குழு இரண்டாகப் பிரியும். ஆயிரக்கணக்கான நர்ஸுகள் இப்படி மேனேஜர் இல்லாமல் வேலை செய்கிறார்கள்.

ஆட்களை அடிக்கடி மாற்றாமல் இருப்பது பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் இதுதான் அதிகம் கெடுகிற இடம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமானக் குழுக்களின் தவறால் நடந்த விபத்துகளை ஆராய்ந்தபோது, விவரம் கிடைத்தவற்றில் 73 சதவீதம் அந்தக் குழு சேர்ந்து பறந்த முதல் நாளிலேயே நடந்திருந்தது தெரிந்தது. தனித்தனியாக எல்லோரும் திறமைசாலிகள்தான், ஆனால் ஒருத்தர் எதைச் சொல்லாமல் விடுவார், எப்போது குரல் மாறும் என்பது மற்றவருக்கு இன்னும் பழகவில்லை. இங்கே ஒரு டீம் ஆறு மாதம் சேர்ந்து வேலை செய்து பிடி கிடைக்கிற நேரத்தில், வேறு பிராஜெக்டுக்கு ஆள் வேண்டும் என்று நல்ல இரண்டு பேரைத் தூக்கிவிடுகிறார்கள், பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டு "ரீசோர்ஸ் கவுன்ட் சரியா இருக்கே" என்கிறார்கள். எண்ணிக்கை சரிதான். அந்த ஆறு மாதம் போயிற்று.

அப்புறம் சம்பளமும் அப்ரைசலும். இதுதான் என்னை அதிகம் கோபப்படுத்துகிற விஷயம். வருடம் முழுக்க டீம் டீம் என்று சொல்லிவிட்டு, மார்ச் மாதம் வந்ததும் அதே ஏழு பேரை வரிசைப்படுத்தி இரண்டு பேருக்கு மேல் ரேட்டிங், ஒருத்தருக்குக் கட்டாயமாகக் கீழ் ரேட்டிங் என்று கொடுத்தால், அடுத்த ஏப்ரலில் யார் யாருக்கு உதவுவார்கள்? இதையும் வேஜ்மன் ஜெராக்ஸிலேயே சோதித்தார், 1995இல் வெளியான ஆய்வு. வேலையும் பலனும் முழுக்கக் குழுவுக்கு என்று இருந்த இடங்கள் நன்றாக இருந்தன. முழுக்கத் தனியாள் வேலை, தனியாள் பலன் என்று இருந்த இடங்களும் நன்றாகவே இருந்தன. பாதி இது பாதி அது என்று கலந்து வைத்த இடங்கள்தான் மோசம். நம்மூர் அலுவலகங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகை என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

தகவல் இல்லாமலும் முடிவெடுக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாம் தண்ணீரில் நின்ற அந்த நாட்களில், எனக்குத் தெரிந்த இரண்டு டீம்கள் நடந்துகொண்ட விதம் இதைக் காட்டியது. ஒரு டீமில் யார் வீட்டில் கரண்ட் இருக்கிறது, யார் கோயம்புத்தூரில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவர்களுக்குள் வாட்ஸ்அப்பில் தெரிந்திருந்தது. எந்த வேலை தள்ளிப்போனாலும் பரவாயில்லை, எது போகக் கூடாது என்பதும் முன்பே தெரியும், கிளையன்டோடு நேரடியாகப் பேசுகிற பழக்கமும் இருந்தது. கரண்ட் இருந்த மூன்று பேர் அவசியமானதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதிக்கு இரண்டு நாள் அவகாசம் கேட்டு கிளையன்டுக்கே எழுதிவிட்டார்கள். இன்னொரு டீமில் ஆட்கள் இவர்களைவிட அனுபவசாலிகள். ஆனால் கிளையன்டின் போன் நம்பர் மேனேஜரிடம் மட்டும் இருந்தது, மேனேஜரின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

எங்கே சறுக்கும்?

மேனேஜர் கண்காணிக்காவிட்டால் சுதந்திரம் வந்துவிடும் என்று நினைப்பது பாதிதான் சரி. 1993இல் ஜேம்ஸ் பார்க்கர் என்கிற ஆராய்ச்சியாளர் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையில் நெடுநாள் இருந்து எழுதியதைப் படித்தால் கொஞ்சம் திகிலாக இருக்கும். குழுக்கள் தாங்களே விதி வகுத்துக்கொண்டன, நாளாக ஆக அந்த விதிகள் பழைய மேனேஜரின் விதிகளைவிடக் கடுமையாகிவிட்டன. ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் மேனேஜர் பார்த்தும் பார்க்காமல் விடுவார், பக்கத்து சீட்டுக்காரர் விடமாட்டார். வீட்டில் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் இப்படிப்பட்ட டீமில் மூச்சுத் திணறுவார்கள், யாரிடம் போய் முறையிடுவது என்றும் தெரியாது. அதனால் டீமுக்கு வெளியே போய்ப் பேச ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் சறுக்கும். கிளாஸ் லாங்ஃப்ரெட் என்கிற ஆராய்ச்சியாளர் 2004இல் காட்டியது இது: ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை அதிகமாக ஆக, அடுத்தவர் வேலையைச் சரிபார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அதோடு ஒவ்வொருவரும் தன்பாட்டுக்குத் தனியாக வேலை செய்கிற சுதந்திரமும் சேர்ந்தால் குழுவின் செயல்திறன் இறங்குகிறது. நட்பு நல்லது, ஆனால் நண்பன் எழுதிய புரோகிராமை நான் எப்படிக் குறை சொல்வது என்று விட்டுவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் புரோகிராம்தான் எழுப்பும்.

இரண்டுக்கும் நடுவே நிற்க, பேச வேண்டியதைப் பேசுவதற்கு ஒரு நிலையான இடம் வேண்டும். இதைத் தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் கற்றுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய குழுக்கள் அவை, 12 முதல் 20 பேர் வரை. குறித்த நாளில் கூட்டம், வந்தவர்கள் கையெழுத்து, யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்குக் கடன், யார் பாக்கி என்று எல்லோர் முன்னாலும் வாசித்துத் தீர்மான நோட்டில் எழுதுவது, ஊக்குநரும் பிரதிநிதியும் மாறி மாறி வருவது. பாக்கி வைத்தவரை அதிகாரி வந்து கேட்பதில்லை, நோட்டு கேட்கிறது. அலுவலக டீமில் இப்படி ஒரு நோட்டு, அதாவது என்ன முடிவெடுத்தோம், யார் செய்வதாகச் சொன்னார்கள் என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதிவைப்பது, எவ்வளவு சண்டையைத் தவிர்க்கும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு

காலையில் ஸ்டாண்ட்அப், அதாவது அன்றைய வேலையைப் பற்றி நின்றபடி பேசுகிற சின்னக் கூட்டம், நடக்கும்போது யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ஏழு பேரும் லீடைப் பார்த்தே ஒப்பித்தால் அது வருகைப் பதிவு மாதிரிதான், டீம் இன்னும் உருவாகவில்லை. "நேத்து நீ போட்ட மாற்றத்தால எனக்கு இது நிக்குது" என்று அவர்களுக்குள் பேச ஆரம்பித்தால் நல்ல அறிகுறி.

மேனேஜராக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஷிஃப்ட் ரோஸ்டர் மாதிரி ஒன்றை முழுசாகக் கொடுங்கள், எல்லையைச் சொல்லிக் கொடுங்கள்: எந்த நேரமும் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருத்தருக்கே தொடர்ந்து இரவு ஷிஃப்ட் கூடாது, மற்றது உங்கள் இஷ்டம். இரண்டாவது வாரத்தில் கட்டாயம் யாராவது வந்து, "சார், எங்களுக்குள்ள ஒத்து வரல, நீங்களே போட்டுடுங்க" என்பார்கள். நம் பக்கம் சின்ன வயதிலிருந்தே பெரியவர் சொல்லிக் கேட்டுப் பழகியவர்கள், இந்த வார்த்தை வரத்தான் செய்யும். அங்கே நீங்கள் பேனாவை எடுத்துப் போட்டுக் கொடுத்தால் அடுத்த மாதமும் உங்களிடம்தான் வரும். எங்கே ஒத்து வரவில்லை என்று கேளுங்கள், உட்கார இடமும் ஒரு மணி நேரமும் கொடுங்கள், முடிவை அவர்களிடமே விடுங்கள். அவர்கள் போட்டது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் எல்லைக்குள் இருந்தால் அப்படியே போகட்டும்.

இன்னொன்று, எல்லா வேலைக்கும் இது தேவையில்லை. தனித்தனியாகச் செய்து தனித்தனியாக முடிகிற வேலை, அதாவது ஆளுக்கு நூறு படிவம் சரிபார்த்துக் கொடுப்பது மாதிரியான வேலை என்றால், அதை டீம் என்று கூப்பிட்டு வாரம் இரண்டு மீட்டிங் வைப்பது வீண். அவரவர் வேலையை அவரவர் நிம்மதியாகச் செய்ய விட்டு, நல்ல கணினியும் சரியான சம்பளமும் கொடுத்தால் போதும்.